திருநாதர்குன்றில் 24 பேர்

நம்ம பக்கம் அமைதியா உட்கார்ந்து பார்க்கற மாதிரி சின்ன கலைக்கூடம் ஏதாவது இருக்கா? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்தில் 1971-ல் ராத்கோ சேப்பல் திறந்தாங்க. கருமையான 14 பெரிய ஓவியங்கள், உட்கார பெஞ்சு. அவ்வளவுதான். ஜனங்க மணிக்கணக்கா சும்மா உட்கார்ந்துட்டு வராங்க.

எங்க ஊரு கூட்டேரிப்பட்டு. மயிலம் தேருக்குத் தவறாமப் போவோம். செஞ்சின்னா கோட்டையைப் பார்த்துட்டு பஸ் ஏறிடுவோம். அதே செஞ்சிக்கு வெளியே இருக்கற திருநாதர்குன்றுக்கு நான் போனதே போன வருஷம்தான்.

மேல ஒரு பெரிய பாறை. அதுல 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேரா இரண்டு வரிசை. எல்லாரும் உட்கார்ந்த நிலையில். கதை இல்லை, போர் இல்லை. பார்க்கறவனும் தானா உட்கார்ந்துடறான்.

அந்தக் குன்றிலேயே ஒரு கல்வெட்டு இருக்கு. ஏறக்குறைய 1,500 வருஷப் பழசு, வட்டெழுத்து உருவாகிட்டிருந்த காலம். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்த இடம் இதுன்னு சொல்லுது. 'ஐ' என்ற எழுத்து கிடைக்கற மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒண்ணு. காரணம் எளிமையானது: 'ஐம்பத்தேழு' என்று எழுதணுமே! யாரோ பக்கத்தில் இருந்து நாள் எண்ணியிருக்காங்க. பின்னாடி வந்த இளையபட்டாரர் 30 நாள் நோற்றதாகவும் இன்னொரு கல்வெட்டு இங்கே உண்டு.

இதைச் சமணர்கள் சல்லேகனை என்கிறார்கள். சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் உண்ணாநோன்புதான். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. எது சரின்னு சொல்ற தகுதி எனக்கில்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க ஆயா கடைசி வாரத்தில் கஞ்சி வேணாம்னு வாயை மூடிக்கிட்டாங்க. நாங்க விடலை. ஸ்பூன் பிடிச்சது நான்தான். பாசம்னுதான் நினைச்சேன். அந்தப் பாறை முன்னாடி உட்கார்ந்தப்போ, சந்திரநந்திக்குப் பக்கத்தில் நாள் எண்ணினவரைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஊட்டாம, தடுக்காம, 57 நாள் பக்கத்துல இருந்தாரே!

போனா, போனை ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.