காவலரும் குடிமக்களும்: இலண்டன், டப்ளின், கொழும்பு

பொலிஸ் நிறுவனத்தின் வரலாற்றை எழுதியோருட் பலர் அதனைக் குற்றங்களின் வரலாறாகவோ சட்டங்களின் வரலாறாகவோ நோக்கியுள்ளனர். சமுதாய வரலாற்றை ஆராய்வோர்க்கு அதனினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. சீருடை தரித்துத் தெருவில் நிற்கும் காவலரைக் காணும் குடிமக்கள் அவரைத் தம்மவர் எனக் கருதுகின்றனரா, பிறர் எனக் கருதுகின்றனரா என்பதே அவ்வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரே முடியாட்சிக்குட்பட்ட இரு நாடுகளில் இவ்வினாவுக்கு வேறுபட்ட இரு விடைகள் உருவாயின. ஒன்று இலண்டனில் எழுந்தது; மற்றையது டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்டு அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் எழுந்தது. 'பிரித்தானியப் பொலிஸ் முறை' என நாம் பொதுப்பெயரால் வழங்குவதனுள் இவ்விரண்டும் அடங்கியுள்ளன. இவற்றுள் எது இலங்கைக்கு வந்தது, அதனால் இங்கு விளைந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் மாநகரிலே 1829ஆம் ஆண்டு வரையும் ஒழுங்கான பொலிஸ் படை இருக்கவில்லை. ஒவ்வொரு பங்கும் தனக்கெனக் கான்ஸ்டபிள்களையும் இராக்காவலரையும் வைத்திருந்தது. கான்ஸ்டபிள் பதவி ஊரவர் முறைவைத்து ஊதியமின்றி ஏற்கவேண்டிய கடமையாயிருந்தது. வசதி படைத்தோர் பணங்கொடுத்துப் பதிலாளை அமர்த்தித் தாம் தப்பிக்கொண்டனர். பெருங்கலகம் மூண்டவிடத்து அரசு படையினரையே அழைத்தது. 1780ஆம் ஆண்டுக் கோடன் கலகத்தில் நூற்றுக்கணக்கானோர் படையினரின் சூட்டுக்குப் பலியாயினர். 1819இல் மான்செஸ்டர் நகரின் புனித பீற்றர் வெளியிற் கூடிய மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது.

இத்தகைய நிலையிலும் பொலிஸ் படை வேண்டுமென்ற கோரிக்கையை ஆங்கில மக்கள் விரும்பி வரவேற்றனர் அல்லர். பொலிஸ் என்னுஞ் சொல்லே பிரான்சிய மன்னராட்சியின் ஒற்றர்களையும் இரகசியக் கைதுகளையும் அவர்க்கு நினைவூட்டியது. 1785இல் இலண்டனுக்கெனக் கொண்டுவரப்பட்ட மசோதா எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 1822இல் ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவும் வலிய பொலிஸ் முறைமையும் குடிமக்களின் சுதந்திரமும் ஒன்றுடனொன்று பொருந்துதல் அரிதென்றே கருதியது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய றொபேட் பீல் என்பாரே ஏழாண்டுகளின் பின்னர் உள்நாட்டமைச்சராக இலண்டன் பொலிஸ் சட்டத்தை நிறைவேற்றினார். 1829 செப்ரெம்பர் 29ஆம் நாள் புதிய படையினர் முதன்முறையாகத் தெருவில் இறங்கினர்.

அப்படையை அமைத்தோர் மக்களின் ஐயத்தை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அதன் தோற்றமே சான்றாகும். படைவீரரின் சிவப்பு நிறம் தவிர்க்கப்பட்டு நீலநிற மேலங்கி தெரிந்தெடுக்கப்பட்டது. தலையில் இராணுவக் கவசமன்றிச் சாதாரண நகரவாசி அணியும் உயர்ந்த தொப்பியே இருந்தது. துப்பாக்கி வழங்கப்படவில்லை, மரத்தாலான குறுந்தடியும் உதவிக்கு அழைப்பதற்கான கிலுகிலுப்பையுமே வழங்கப்பட்டன. கழுத்துப்பட்டியில் ஒவ்வொருவரின் பிரிவெழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. தவறு செய்தவர் இன்னார் என்று குடிமகன் அடையாளங்காட்ட அவ்விலக்கம் வழிசெய்தது. ஒவ்வொரு காவலர்க்கும் குறித்த சில தெருக்கள் ஒதுக்கப்பட்டன. அவர் நாள்தோறும் அத்தெருக்களிலேயே நடந்தார். முதல் ஆணையாளர்களான சாள்ஸ் றோவன், றிச்சட் மெயின் ஆகிய இருவரும் வழங்கிய அறிவுறுத்தல்கள் குற்றம் நிகழாமற் காத்தலையே தலையாய கடமையாக விதித்து, எந்நிலையினரிடத்தும் மரியாதையாக நடக்குமாறு பணித்தன.

பீலின் பெயரால் இன்று உலகெங்கும் எடுத்துரைக்கப்படும் ஒன்பது கொள்கைகள் பற்றி இவ்விடத்து ஒன்று கூறுதல் தகும். பொலிசாரும் பொதுமக்களும் வேறல்லர் என்னுங் கருத்தை உள்ளடக்கிய அப்பட்டியல் 1829ஆம் ஆண்டு ஆவணங்களில் அவ்வடிவிற் காணப்படுவதன்று. இருபதாம் நூற்றாண்டிலே சாள்ஸ் றீத் என்னும் வரலாற்றாசிரியர் அதனை வகுத்துத் தந்தார். மக்களின் இசைவு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தை அப்பட்டியல் தோற்றுவிக்கின்றது. உண்மை வரலாறு வேறு.

முதலாம் இலக்கம் பெற்ற கான்ஸ்டபிள் பணியேற்ற அன்றே மதுபோதைக்காக நீக்கப்பட்டார். அவரைப் போல நீக்கப்பட்டோர் மிகப் பலர். 1833ஆம் ஆண்டிலே நிகழ்ந்த இரு சம்பவங்கள் மக்களின் மனநிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவ்வாண்டு மே மாதம் 13ஆம் நாள் கோல்ட் பாத் வெளியில் தொழிலாளர் கூட்டம் ஒன்றைப் பொலிசார் கலைத்தபோது றொபேட் கலி என்னுங் கான்ஸ்டபிள் கத்திக்குத்துக்கு இலக்காகி இறந்தார். மரண விசாரணையில் அமர்ந்த யூரர் பதினெழுவரும் அக்கொலை நியாயமானது எனத் தீர்ப்பளித்தனர். கூட்டத்தைக் கலைந்து செல்லுமாறு முறைப்படி அறிவிக்கவில்லை என்பதும், பொலிசார் மூர்க்கமாக நடந்துகொண்டனர் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்கள். மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவைத்தது. நகரமக்களோ யூரர்க்கு விருந்தளித்துப் பாராட்டினர். அதே ஆண்டில், பொப்பே என்னுஞ் சார்ஜன்ட் மாறுவேடத்தில் அரசியற் சங்கமொன்றினுட் புகுந்து ஒற்றாடிய செய்தி வெளியாயது. பாராளுமன்றக் குழு விசாரித்து அவரைக் கண்டித்தது. அவர் பதவி நீக்கப்பட்டார்.

இவ்விரு சம்பவங்களும் படையின் தோல்வியைக் காட்டுவன போலத் தோன்றலாம். ஆயின் பொலிசாரின் செயலைக் குடிமக்களான யூரரும் பாராளுமன்றமும் வெளிப்படையாக விசாரித்தமையும், விசாரணைக்குப் பயன் இருந்தமையும் மனங்கொளத்தக்கன. 1851இல் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்கு ஏறத்தாழ அறுபது இலட்சம் வருகைகள் பதிவாயின. அப்பெருங்கூட்டத்தைப் பொலிசார் அமைதியாக நடத்தியமை அவர்க்கு நற்பெயர் ஈட்டித் தந்தது. அந்நற்பெயர் இருபதாண்டுக் காலத் தெருப்பழக்கத்தின் விளைவு எனலாம். ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் வெறுப்பு அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

இனி அயர்லாந்தை நோக்குவோம். இலண்டனுக்குக் குறுந்தடியைத் தெரிந்தெடுத்த பீல், அதற்கு முன் 1812 முதல் 1818 வரை அயர்லாந்தின் பிரதம செயலாளராயிருந்து, 1814இல் அங்கு அமைதி காக்கும் படையொன்றை நிறுவியவர். 1822ஆம் ஆண்டுச் சட்டமும் 1836ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியைத் தொடர்ந்து, டப்ளினிலிருந்து ஒரே தலைவரால் ஆளப்படும் பொலிஸ் படையை உருவாக்கின. டப்ளின் நகர் தனக்கென வேறொரு பொலிசைப் பெற்றது. நாட்டுப்புறமெங்கும் இப்படையே காவல் புரிந்தது. அவர்கள் துப்பாக்கி ஏந்தினர், பாசறைகளிற் குடியிருந்தனர், இராணுவப் பயிற்சி பெற்றனர். ஒருவர் தாம் பிறந்த மாவட்டத்திலோ மனைவியின் மாவட்டத்திலோ பணியாற்றுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. 1867இல் ஃபீனியர் கிளர்ச்சியை அடக்கியமைக்காக அரசி அதற்கு 'அரச' என்னும் அடைமொழியை வழங்கினார்.

இப்படையின் கான்ஸ்டபிள்களிற் பெரும்பாலோர் ஐரிஷ் மக்களே. அவர்களுட் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர். அதாவது, இனத்தாலும் சமயத்தாலும் அவர்கள் தாம் காவல் செய்த மக்களைச் சேர்ந்தவர்களே. எனினும் மக்கள் அவர்களை அந்நிய ஆட்சியின் கருவியாகவே கண்டனர். காவலர் எவ்வினத்தவர் என்பதை மட்டும் கொண்டு உறவை அளந்துவிட முடியாது என்பதற்கு இது தக்க சான்று. அவர் எங்கு வாழ்கின்றார், எதை ஏந்துகின்றார், யார்க்கு விடையளிக்கின்றார் என்பனவே உறவின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தன.

பேரரசு தன் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியது பெரும்பாலும் இவ்வயர்லாந்து முறையையே. 1843இல் சிந்துவைக் கைப்பற்றிய சாள்ஸ் நேப்பியர் அதனை முன்மாதிரியாகக் கொண்டு அங்கு பொலிஸ் அமைத்தார். 1907ஆம் ஆண்டு முதல் குடியேற்ற நாடுகளின் பொலிஸ் அதிகாரிகள் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவிலிருந்த பயிற்சி நிலையத்திற் பயிற்றப்பட்டனர். அண்மைக்கால ஆய்வாளர், ஒவ்வொரு நாட்டிலும் இரு முறைகளும் வெவ்வேறளவிற் கலந்திருந்தன எனக் காட்டியுள்ளனர். அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டாலும், கலவையில் எது மேலோங்கியது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

இலங்கையிலே 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம் இன்றைய அமைப்புக்கு அடித்தளமிட்டது. அடுத்த ஆண்டு பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் பணியாற்றிய வில்லியம் றொபேட் கம்பல் அழைக்கப்பட்டுத் தலைவராக்கப்பட்டார். 1867இல் அவர் பொலிஸ் மாஅதிபர் என்னும் பெயரைப் பெற்றார். நகரங்களில் நிலைகொண்ட இப்படை நாட்டுப்புறத்துக்கு மெல்லவே பரவியது. ஊர்களில் ஒழுங்கு தலைமைக்காரர் கையிலேயே இருந்தது. வடபகுதியில் மணியகாரர், உடையார், விதானையார் என்போர் வரிசைப்படி அதிகாரஞ் செலுத்தினர். களவு போனதையும் எல்லைச் சண்டையையும் ஊரவர் முதலில் எடுத்துச் சென்றது விதானையார் வீட்டுக்கே.

விதானையார் ஊரையும் ஊரவரின் பரம்பரையையும் அறிந்தவர். ஊரின் மொழியிற் பேசியவர். இதனைக்கொண்டு அம்முறையைப் பொற்காலமாகக் கருதுதல் தவறாகும். தலைமைக்காரர் பெரும்பாலும் நிலவுடைமையும் சாதி மேன்மையும் பெற்ற குடும்பங்களிலிருந்து வந்தனர். ஒடுக்கப்பட்டோர்க்கு அவர் அயலவராயிருந்தும் தம்மவராயிருக்கவில்லை. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சாதியின் பெயராற் பிறரைத் தடுத்தலை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியபோது, அதனைச் செயற்படுத்த ஊர்த்தலைமைக்கு அப்பாற்பட்ட அதிகாரமே தேவைப்பட்டது. 1963இல் தலைமைக்காரர் முறை நீக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி ஏற்பட்டது. அண்மை வேறு, நடுவுநிலைமை வேறு; நற்காவலுக்கு இரண்டும் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

குடியேற்ற ஆட்சி தன் பொலிசைத் தானே எவ்வளவு நம்பியது என்பதை அதன் சட்டமே காட்டுகின்றது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டத்து 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியொருவரிடம் செய்யப்பட்ட குற்றவொப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிராக நிரூபித்தலாகாது. இவ்விதி இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது. பொலிஸ் நிலையத்துச் சுவர்களுக்குள்ளே பெறப்படும் சொல்லை ஐயுறவேண்டும் என்ற முடிவு அதனுட் பொதிந்துள்ளது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் இப்பாதுகாப்பைத் தன் எல்லைக்குள் அகற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்யப்படும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது.

சுதந்திரத்தை ஒட்டி 1947இல் முதல் இலங்கையரான பொலிஸ் மாஅதிபராகப் பதவியேற்ற சேர் றிச்சட் அலுவிகார, படை என்ற மனப்பாங்கினின்று சேவை என்ற மனப்பாங்குக்குப் பொலிசை மாற்ற முயன்றவர். அம்முயற்சி தொடர்ந்து வளர அரசியல் இடந்தரவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் தமிழ்ப் பகுதிகளிற் பொலிஸ் நிலையம் மேலும் மேலும் அயன்மொழி வழங்கும் இடமாயிற்று. தம் முறைப்பாட்டைத் தாம் வாசித்தறிய இயலாத மொழியில் எழுதக்கண்டு கையொப்பமிடும் ஒருவர்க்கு, எதிரே அமர்ந்திருப்பவர் தம்மவராகத் தோன்றுவது எங்ஙனம்? 1981ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி வெளியிடங்களிலிருந்து பொலிசார் பெருந்தொகையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். மே 31ஆம் நாளிரவு தொடங்கிய எரியூட்டல்களில் ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் அழிந்தது. அதிற் பொலிசார் தொடர்புற்றிருந்தமை பரவலாகப் பதிவாகியுள்ளது. ஊரையும் மொழியையும் அறியாது, ஊரவர்க்கு விடையளிக்குங் கடப்பாடுமின்றி வந்து நிற்கும் படையொன்று எவ்வளவு தூரஞ் செல்லக்கூடும் என்பதை அந்நாட்கள் காட்டின.

போரின் பின்னர், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கை, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்தோர் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணங்களுக்கு வகுத்த பொலிஸ் அதிகாரங்களோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

இத்தகைய வரலாற்றையுடைய நாடு மாறவியலாது என்று கொள்ளவேண்டியதில்லை. அயர்லாந்தே அதற்குச் சான்று. 1922இல் பழைய படை கலைக்கப்பட்டு, 'சமாதானக் காவலர்' எனப் பொருள்படும் பெயருடன் புதிய பொலிஸ் அங்கு நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அதுவும் ஆயுதம் தாங்கியிருந்தது. அவ்வாண்டு அதனுள்ளே எழுந்த கலகத்தின் பின்னர், உள்நாட்டுப்போர் நடந்துகொண்டிருந்த நிலையிலேயே, அது நிராயுதப் படையாக ஊர்களுக்குட் சென்றது. துப்பாக்கியேந்திய பொலிசுக்கு உலகுக்கே முன்மாதிரி தந்த நாடு ஒரு தலைமுறைக்குள் எதிர்வழியைத் தெரிந்தெடுத்தது.

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காவலர்க்கும் குடிமக்கட்கும் இடையிலான உறவு, நற்குணம் வாய்ந்த தனியாட்களால் மட்டும் அமைவதன்று என்பது புலனாகும். அடையாளங்காணத்தக்க இலக்கம், நாள்தோறும் நடக்குந் தெரு, குடிமக்களின் மொழி, இயன்றவரை குறைந்த வலிமை, வெளிப்படையான விசாரணை ஆகிய ஏற்பாடுகளே அதனை அமைக்கின்றன. இவை யாவும் சட்டத்தாலும் நிர்வாகத்தாலும் செய்யத்தக்கவை. ஆகவே செய்யாது விடுவதற்குரிய பொறுப்பும் அவற்றை ஆள்வோரையே சாரும். இலண்டன் மக்கள் தம் காவலரை நம்புவதற்கு முன் இருபதாண்டுகள் ஐயுற்றனர். அவ்வையத்தைக் குற்றமாகக் கருதாது அதற்கு விடையளிக்க முற்பட்டமையே அங்கு நம்பிக்கைக்கு வித்தாயது.