கட்டற்ற மென்பொருட் கையேடுகளும் உரிமத் தெளிவும்

மென்பொருளைப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளிக்கும் ஆவணம் உரிமம் எனப்படும். அம்மென்பொருளை விளக்கும் கையேடு எத்துணைத் திருத்தத்தக்கதாயின் 'கட்டற்றது' எனப்பெறும் என்னும் வினாவின் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2000 மார்ச்சுத் திங்களில் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தை வெளியிட்டது. அது கையேட்டைத் திருத்த இசைந்ததேனும், ஆசிரியர் 'மாறாப் பகுதி' எனக் குறித்தவற்றைத் திருத்தலும் நீக்கலும் ஆகா என விதித்தது. ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் கையேட்டில் குனூ கொள்கை அறிக்கை அவ்வாறு நின்றது. ஆசிரியர்தம் கொள்கையுரை சிதையாமற் காத்தலே இவ்விதியின் பயன்.

லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பை வழங்கும் டெபியன் குழுவினர், 1997-இல் தாம் வகுத்த நெறிகளைக் கொண்டு இதனை மறுத்தனர். 2006 மார்ச்சில் வாக்கெடுத்து, இவ்வுரிமம் பெற்ற கையேடுகளுள் மாற்றவியலாப் பகுதி இல்லாதனவே கட்டற்றன எனத் தெளிவுறுத்தினர். அதன் விளைவாக ஈமாக்ஸ் நிரல் முதன்மைத் தொகுப்பில் நிற்க, அதன் கையேடு கட்டற்றதல்லாப் பிரிவிற்குச் சென்றது. நிரலும் அதன் விளக்கமும் பிரிந்தமையால் இழப்புற்றோர் கற்பாரே.

இருதிறத்தாரும் ஆண்ட சொல் ஒன்றே. கொண்ட பொருள் வேறு. கையேட்டின் தொழில்நுட்பப் பகுதி திருத்தத்தக்கதாதல் ஒரு சாரார்க்கு அமைந்தது. மற்றையோர் முழுமையும் அவ்வாறாதல் வேண்டினர். ஆதலின், கையேடு இயற்றுவோர் உரிமத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் சுட்டுதலோடு அமையாது, மாறாப் பகுதி உண்டா இன்றா என்பதனையும் முகப்பிலேயே ஐயமற எழுதுதல் கடனாகும்.