கெட்ட கணக்கும் புது கார்டும்

செக்யூர்ட் கார்டு என்பது பணத்தையே அடகு வைத்துப் பணம் கடன் வாங்கும் ஏற்பாடு. வங்கியில் 300 டாலர் முன்பணம் கட்டினால் 300 டாலர் வரம்புள்ள கிரெடிட் கார்டு கிடைக்கும். அதே 300 டாலரைக் கையில் வைத்துச் செலவழித்தால் வட்டியும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஆனாலும் அமெரிக்காவில் தவணை தவறியவர்கள், திவால் மனு கொடுத்தவர்கள், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இந்தக் கார்டைத் தேடித்தான் போகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கட்டினார் என்று கடன் ஏட்டில் விழும் ஒரு வரிக்காகத்தான் அந்த முன்பணம். அந்த வரிக்கு இத்தனை மதிப்பு வந்து சேர ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும்.

1837இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி வந்தது. நியூயார்க்கில் அண்ணனோடு சேர்ந்து பட்டு வியாபாரம் செய்துவந்த லூயிஸ் டாப்பன், கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் நொடித்துப்போனார். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தெரியாததுதான் தன்னைக் கவிழ்த்தது என்று அவர் கண்டுகொண்டார். 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஊருக்கு ஊர் வழக்கறிஞர்களைப் பிடித்து, அங்குள்ள வியாபாரிகளின் சொத்து, பழக்கவழக்கம், நாணயம் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார். வந்த கடிதங்கள் பெரிய பேரேடுகளில் ஏறின. சந்தா கட்டியவர்களுக்கு அவை படித்துக் காட்டப்பட்டன. இப்படி எழுதி அனுப்பிய வழக்கறிஞர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். நிறுவனம் பின்னர் ஆர்.ஜி. டன் என்று பெயர் மாறி, 1933இல் பிராட்ஸ்ட்ரீட்டுடன் இணைந்தது. அந்த டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் தலைமையகம் நெடுங்காலம் நியூ ஜெர்சியின் ஷார்ட் ஹில்ஸில்தான் இருந்தது.

அதே நெருக்கடி கடன்பட்டவர்களை எதிர்த்திசையில் விரட்டியது. தென் மாநிலங்களில் பலர் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்து, கதவில் 'ஜி.டி.டி.' என்று மூன்றெழுத்தை எழுதிவிட்டு நடையைக் கட்டினார்கள். டெக்சாஸுக்குப் போய்விட்டோம் என்று அதற்குப் பொருள். டெக்சாஸ் அப்போது தனிக் குடியரசு, கடன் கொடுத்தவரின் கை அங்கே எட்டாது. 1839இல் அந்தக் குடியரசு போட்ட சட்டப்படி, ஒரு குடும்பத்தின் 50 ஏக்கர் நிலத்தையோ நகரத்து வீட்டுமனையையோ கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்ற விதி இன்றும் டெக்சாஸ் அரசமைப்பில் இருக்கிறது.

ஓடி ஒளிய இடம் கொடுத்த அந்த மண்ணிலேயே அடுத்த தலைமுறை பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கியது. 1897இல் ஜேம்ஸ் சில்டன் என்பவர் டாலஸில் கடைக்காரர்களை ஒன்றுசேர்த்து, யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வைத்தார். மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டைத் தெருவிலுள்ள கடைக்காரர்கள் எல்லோரும் புரட்டிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. ஒரு கடையில் சொன்ன சாக்கு அடுத்த கடையில் செல்லாது. 1899இல் அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் தொடங்கிய ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி பின்னர் ஈக்விஃபேக்ஸ் ஆனது. சிகாகோவில் டிரான்ஸ்யூனியன் 1969இல் வாங்கிய ஒரு பியூரோவில் மட்டும் 36 லட்சம் அட்டைகள் இழுப்பறைகளில் அடுக்கியிருந்தன. சில்டனின் நிறுவனத்தை 1989இல் டி.ஆர்.டபிள்யூ. வாங்கியது, 1996இல் டி.ஆர்.டபிள்யூ.வின் கடன் தகவல் பிரிவு எக்ஸ்பீரியன் ஆனது. எக்ஸ்பீரியனுக்குக் கடிதம் எழுதுகிறவர் இன்று உறையின்மேல் எழுதும் ஊர், டாலஸுக்கு வடக்கே உள்ள ஆலன்.

அட்டைகளில் கணக்கு மட்டும் இருக்கவில்லை. குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, பக்கத்து வீட்டார் சொன்ன வம்பு எல்லாம் ஏறியிருந்தன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை சம்பந்தப்பட்டவருக்கே கிடையாது. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் விடாப்பிடியாக நின்றதால் 1970 அக்டோபரில் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. ஏட்டைக் கேட்டறியவும் தவறான பதிவை மறுக்கவும் அது வழிவிட்டது. கெட்ட கணக்கை மீட்க நினைப்பவருக்கு இன்னும் பெரிய விஷயம், அது வைத்த கெடு: தவறிய தவணை 7 ஆண்டுகளுக்குப் பின் ஏட்டிலிருந்து விழுந்துவிட வேண்டும். திவாலுக்கு முதலில் 14 ஆண்டு என்றிருந்தது, 1978இல் 10 ஆகக் குறைந்தது. ஏழரைச் சனிக்கு ஏழரை ஆண்டு என்றால் தவணைச் சனிக்கு ஏழு.

விசா கார்டும் மதிப்பெண்ணும் பிறந்தது கலிஃபோர்னியாவில். 1956இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஃபேர் ஐசக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேலை எத்தனை ஆண்டு, வீடு சொந்தமா, வீட்டில் தொலைபேசி உண்டா என்பதற்கெல்லாம் புள்ளி போட்டுக் கூட்டினால், கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்கலாம் என்பது அவர்களின் யோசனை. நாட்டின் 50 பெரிய கடன் நிறுவனங்களுக்கு எழுதினார்கள். பதில் போட்டது ஒன்றுதான். சான் பிரான்சிஸ்கோவின் பாங்க் ஆஃப் அமெரிக்கா அப்போது எதையும் கணிக்கும் மனநிலையில் இல்லை. 1958 செப்டம்பரில் ஃபிரெஸ்னோ நகரத்தில் கேட்டவர், கேட்காதவர் என்று பாராமல் சுமார் 60,000 பேருக்கு பாங்க்அமெரிகார்டைத் தபாலில் அனுப்பியது. பாக்கி வைப்பவர்கள் 4 விழுக்காடுதான் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள், ஆனது 22 விழுக்காடு. அந்தக் கார்டுதான் 1976இல் விசா ஆனது. கேட்காமல் கார்டு அனுப்புவதை 1970இல் சட்டம் தடுத்தது. இனி கேட்பவரை எடைபோட்டே கொடுக்க வேண்டும் என்றானபின் ஃபேர் ஐசக்கின் தராசுக்குக் கிராக்கி கூடியது. 300 முதல் 850 வரை போகும் ஃபைகோ என்ற பொது மதிப்பெண் 1989இல் வந்தது; 1995இல் வீட்டுக் கடனை வாங்கி விற்கும் ஃபேனி மேவும் ஃபிரெடி மேக்கும் அதை ஏற்றுக்கொண்டதும், கார்டில் சறுக்கியவருக்கு வீடும் எட்டாக்கனியானது.

தராசில் தேறாதவர்களும் ஒரு சந்தைதான் என்று வங்கிகள் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1978இல் உச்ச நீதிமன்றம் மார்க்வெட் வழக்கில் ஒரு வழி திறந்துவிட்டது: வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுக்க வாங்கலாம். 1981இல் சிட்டிபாங்க் தன் கார்டு பிரிவை வட்டி உச்சவரம்பு இல்லாத தெற்கு டகோட்டாவுக்கு மாற்றியது. நியூ ஜெர்சியில் தனிநபரிடம் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது குற்றம். ஆனால் அங்குள்ள எடிசன் நகரத்துத் தபால்பெட்டியில் தெற்கு டகோட்டாவின் கார்டு வந்து விழுந்தால் அந்தச் சட்டம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். 1980களிலும் 90களிலும் செக்யூர்ட் கார்டு பரவியபோது மோசடியும் கூடவே பரவியது. தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்து 900 என்று தொடங்கும் எண்ணை அழைத்தவருக்குக் கார்டு வரவில்லை, தொலைபேசிக் கட்டணம்தான் வந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் பிராவிடியன் நிறுவனம் இந்தச் சந்தையில்தான் கொழுத்தது. அதை நடத்தியவர் ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்த ஷைலேஷ் மேத்தா. கெட்ட ஏடு உள்ளவர்களுக்கும் கார்டு கொடுத்து, கட்டணங்களில் லாபம் பார்த்தது நிறுவனம். ஆண்டுக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்துவிட்டு, கடன் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் வாங்கிவிடுகிறது என்பது அதன்மேல் வந்த புகார்களில் ஒன்று. 2000 ஜூனில் மத்திய அரசின் வங்கிக் கண்காணிப்பாளரும் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞரும் எடுத்த நடவடிக்கையில், வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 30 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு வாராக்கடன் கழுத்தை நெரிக்க, மேத்தா பதவி விலகினார். 2009இல் வந்த கார்டு சட்டம், முதல் ஆண்டுக் கட்டணங்கள் வரம்பில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. அதைச் சுற்றிக்கொண்டு போக தெற்கு டகோட்டாவின் ஃபர்ஸ்ட் பிரிமியர் வங்கி கட்டணத்தைக் குறைத்து வட்டியை 79.9 விழுக்காடாக்கியது. 

இந்தப் பின்னணியில்தான் கார்டைத் தேர்ந்தெடுக்கும் வழக்கங்கள் உருவாயின. ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் என்ற மூன்று பியூரோக்களுக்கும் கார்டு கணக்கு அனுப்புகிறதா என்பது முதல் கேள்வி. பார்க்கக் கிரெடிட் கார்டைப் போலவே இருக்கும் பிரீபெய்டு கார்டு எதையும் அனுப்பாது. பத்து வருடம் தேய்த்தாலும் ஏட்டில் ஒரு வரி ஏறாது. சில மாதங்கள் ஒழுங்காகக் கட்டியபின் முன்பணத்தைத் திருப்பித் தந்து சாதாரணக் கார்டாக மாற்றித் தருமா என்பது அடுத்தது. கண்ட இடத்தில் விண்ணப்பிப்பதும் வினை: ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் 2 ஆண்டு தெரியும், மதிப்பெண்ணை 12 மாதம் உரசும். மதிப்பெண்ணில் 35 விழுக்காடு தவணை ஒழுங்குக்கும், 30 விழுக்காடு நிலுவைத் தொகைக்கும் போகிறது. பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவதில். 300 டாலர் வரம்புள்ள கார்டில் பெட்ரோலும் மளிகையுமாக 270 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட் போடுகிறார்கள், கெடு அடுத்த மாதம் 7ஆம் தேதி. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, 5ஆம் தேதியே முழுப் பணத்தையும் கட்டியவருக்கு வட்டி ஒரு காசும் இல்லை. ஆனால் பியூரோவுக்கு வழக்கமாகப் போவது 12ஆம் தேதி இருந்த நிலுவை, அதாவது வரம்பில் 90 விழுக்காடு. மதிப்பெண் இறங்கும். அதே ஆள் ஸ்டேட்மென்டுக்கு முன்பே, 10ஆம் தேதி 250 டாலரைக் கட்டிவிட்டால், ஏட்டில் 20 டாலர்தான் தெரியும். நல்லவேளையாக, வழக்கமான ஃபைகோ கணக்குக்கு நிலுவையில் பழைய நினைவு கிடையாது. அடுத்த மாதம் குறைந்தால் மதிப்பெண் ஏறிவிடும். தவறிய தவணைக்குத்தான் ஏழாண்டு.

ஏட்டைப் பார்க்கும் உரிமையில் நியூ ஜெர்சி ஒரு படி முன்னால் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டை இலவசமாகப் பார்க்கும் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் கிடைக்கும் முன்பே, அங்கு மாநிலச் சட்டத்தில் அது இருந்தது. ஏட்டை வளர்க்கும் கலை தலைகீழாகப் பயன்பட்டதும் அங்கேதான். 2013 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மத்திய அரசு வழக்கறிஞர் 18 பேர்மீது போட்ட வழக்கில், 7,000க்கும் மேற்பட்ட பொய் ஆட்களை உருவாக்கி, அவர்களைப் பற்றி பியூரோக்களுக்குப் பொய்த் தகவல் கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றி, பிறகு பெரிய கடன் வாங்கி மறைந்ததாகக் குற்றச்சாட்டு. இழப்பு 20 கோடி டாலர். ஜெர்சி சிட்டியின் சில நகைக்கடைகளும் அந்த வழக்கில் சிக்கின. இல்லாத ஆளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தர முடிந்த ஏற்பாட்டில், உள்ள ஆளுக்கு எண்ணே இல்லாமல் போவதும் நடந்துகொண்டிருந்தது.

சென்னையில் பத்து ஆண்டு வீட்டுக் கடனை ஒரு நாள் தவறாமல் கட்டிவிட்டு எச்-1பி விசாவில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவிலோ டெக்சாஸின் பிளேனோவிலோ வந்திறங்கும் தமிழர் அந்த ரகம். திவாலானவரும் இவரும் ஒரே செக்யூர்ட் கார்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இந்தியாவின் கடன் பியூரோவான சிபில் நிறுவனத்தில் பெரும்பங்கு டிரான்ஸ்யூனியனுடையது. இருந்தும் மும்பையில் உள்ள ஏடு சிகாகோவுக்குத் தெரியாது. 2016இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கிய நோவா கிரெடிட், இந்த ஏடுகளைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. 2019இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களின் விண்ணப்பங்களுக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

தமிழருக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் வழியை உருவாக்கியவர் மெக்சிகோவில் பிறந்த ஹோசே கின்யோனெஸ். 2007இல் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் தொடங்கிய மிஷன் அசெட் ஃபண்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அங்குள்ள மெக்சிகோக் குடும்பங்கள் காலங்காலமாகச் சீட்டுப் பிடித்து வந்தன. அவர்கள் அதை டாண்டா என்பார்கள். பத்துப் பேர் மாதம் 100 டாலர் கட்ட, மாதம் ஒருவர் 1,000 டாலர் எடுப்பார். தள்ளு கிடையாது, கமிஷன் கிடையாது. நம்மூர்க் குலுக்கல் சீட்டேதான். அத்தனை ஆண்டு நாணயமாகக் கட்டியும் வங்கிக்கு அவர்கள் முகமற்றவர்கள். கின்யோனெஸ் சீட்டை மாற்றவில்லை. ஒவ்வொருவரும் கட்டும் 100 டாலரை வட்டியில்லாக் கடனின் தவணையாக எழுதி பியூரோக்களுக்கு அனுப்பினார். 2014இல் கலிஃபோர்னியா சட்டம் அதை ஏற்றது, 2016இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

பின்னர் வந்த நிறுவனங்கள் இதையே செயலிகளாக்கின. டெக்சாஸ் ஆஸ்டினின் செல்ஃப், கடன் தொகையைத் தானே வைத்துக்கொண்டு, மாதாமாதம் கட்டி முடித்தபின் கையில் கொடுக்கிறது. நம்மூர் ஆர்.டி. போலத்தான், ஆனால் வட்டியும் கட்டணமும் கொடுப்பவர் கட்டுகிறவர். சான் பிரான்சிஸ்கோவின் சைம் 2020இல் கொண்டுவந்த கார்டில் குறைந்தபட்ச முன்பணம் கிடையாது, பயன்படுத்திய விழுக்காடு பியூரோவுக்குப் போவதும் கிடையாது.

மருத்துவமனை பாக்கியில் ஏடு கெட்டவர்களின் கதை கடைசியாக வந்து சேர்ந்த இடமும் டெக்சாஸ். 2023இல் மூன்று பியூரோக்களும் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ பாக்கிகளைத் தாமாகவே நீக்கின. எல்லா மருத்துவக் கடனையும் ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2025 ஜனவரியில் விதி போட்டது. அதே ஆண்டு ஜூலையில் கிழக்கு டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. டாலஸில் மருத்துவமனைக்குப் பெரும் தொகை பாக்கி வைத்தவரின் வீட்டையும் சம்பளத்தையும் அந்தப் பாக்கிக்காக இன்றும் தொட முடியாது. பாக்கியைப் பற்றிய வரி மட்டும், அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஆலனின் ஏட்டில் ஏழு ஆண்டு இருக்கும்.