ஐ.என்.ஏ. என்ற மூன்றெழுத்தும் கேப்டன் லட்சுமியும்

தில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களுக்கு முதலில் தெரியவரும் இடங்களில் ஒன்று ஐ.என்.ஏ. மார்க்கெட். முருங்கைக்காய், வாழைப்பூ, அப்பளம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அந்த மூன்றெழுத்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைக் குறிப்பது என்பதை இன்றைய இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் காலஞ்சென்ற கேப்டன் லட்சுமி அவர்கள்தான்.

1914 அக்டோபர் 24-ல் சென்னையில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர் எஸ். சுவாமிநாதன் தமிழ் பிராமணர். தாயார் அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்த நாயர் குடும்பத்தவர், பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய் இவருடைய தங்கை. 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். தேறிய லட்சுமி, 1940-ல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்து வந்தார்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும், பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு அமைக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அவ்வாண்டு அக்டோபர் 22-ல் தொடங்கிற்று. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் பலர்!

1945-ல் பர்மாவில் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் தாயகம் கொண்டுவரப்பட்டார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் ராணுவ விசாரணை நடந்து, நாடே கொந்தளித்திருந்தது. அந்தப் பிரேம் சேகலையே 1947-ல் மணந்து கான்பூரில் குடியேறினார்.

நம் நெஞ்சை உறுத்த வேண்டிய விஷயம் இனிமேல்தான். சுதந்திர இந்தியா ஐ.என்.ஏ. வீரர்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகளுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972-ல். அதற்குள் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒரு குடியிருப்புக்கும் சந்தைக்கும் பெயர் சூட்டுவது சுலபம். வாழ்ந்துகொண்டிருந்த சிப்பாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்வதுதான் கடினமாக இருந்தது.

கேப்டன் லட்சுமி இதற்காக முறையிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கான்பூரில் தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஏழை நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1971-ல் வங்காள அகதிகளுக்கும், 1984-ல் போபால் விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மருத்துவ சேவை புரிந்தார். 1998-ல் பத்ம விபூஷண் பெற்றார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளராக நின்று டாக்டர் அப்துல் கலாமிடம் தோற்றார். அவருடைய அரசியல் நம்மில் பலருக்கு உடன்பாடானதாக இராது. ஆயினும் அவருடைய தொண்டை யாரும் மறுக்க இயலாது.

2012 ஜூலை 23 அன்று, தமது 97-ஆவது வயதில் கான்பூரில் காலமானார். அவர் விரும்பியபடியே அவரது உடல் அவ்வூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அளிக்கப்பட்டது. மருத்துவம் படித்துப் பொதுவாழ்வுக்கு வந்தவர், கடைசியில் மருத்துவம் படிப்பவர்களுக்கே தம்மைக் கொடுத்துவிட்டுப் போனார்.