பத்துப் பைசா எங்கே போச்சு?

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். சோழர் காலத்துக்கெல்லாம் நான் போகவில்லை. நம் மாணவர்கள் பலருக்குச் சோறு போட்ட வங்கி எழுத்தர் வேலையின் கதையைச் சொல்கிறேன்.

1843-இல் சென்னையில் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1921-இல் வங்காள, பம்பாய் வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கி ஆனது. 1955-இல் அதுவே ஸ்டேட் வங்கி. ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு அகலத் திறந்தது 1969 ஜூலை 19-க்குப் பிறகுதான். அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980-இல் மேலும் 6. சிற்றூர்களுக்கும் கிளைகள் வந்தன. 1976-இல் நானும் உள்ளே நுழைந்தேன்.

கவுண்ட்டர் மூடிய பிறகுதான் அசல் வேலை ஆரம்பம். வவுச்சர்களை லெட்ஜரில் ஏற்றி, கூட்டி, பற்றும் வரவும் ஒத்துப்போனால்தான் வீடு. பத்துப் பைசா இடித்தாலும் விடமாட்டார்கள். "கையிலிருந்து போட்டுடறேன் சார்" என்றால் திட்டு விழும். பத்துப் பைசாவுக்குப் பின்னால் இரண்டு பெரிய தப்பு ஒளிந்திருக்கலாமே!

மூத்தவர்கள் சூட்சுமம் சொல்லிக் கொடுத்தார்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எண் இடம் மாறியிருக்கலாம். 54-ஐ 45 என்று எழுதியிருப்போம். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் இருந்தால், பற்றை வரவில் ஏற்றினோமா என்று பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டி இன்னொரு தலைவலி. மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. பக்கம் பக்கமாக விரலோட்டிப் பார்ப்போம். 2010 ஏப்ரலில்தான் தினசரி இருப்புக்கு வட்டி என்று மாறியது.

இவ்வளவு கற்றும் ஒருமுறை சறுக்கினேன். ஒரே பெயரில் இருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பென்ஷனை மற்றவர் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அன்று மாலை எல்லாம் டாலி! சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவர் மளிகைக்கடைக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பியது. வந்து நின்றார். "மொத்தக் கணக்கு சரியாத்தான் இருந்தது சார்" என்றேன். "உன் கணக்கு சரி தம்பி. கடைக்காரன் முன்னாடி என் கணக்கு தப்பாப் போச்சே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உடனே திருத்திக் கொடுத்தேன். போன மானத்தை எந்த வவுச்சரில் ஏற்றுவது?

1984-இல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. பின்னாலேயே இயந்திரங்கள் வந்தன. வேலை போய்விடும் என்று நாங்கள் பயந்தோம். கூட்டல் வேலை போனது உண்மைதான். ஆனால் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறி, அந்த எண்ணில் வேறொருவர் இருந்துவிட்டால், கம்ப்யூட்டரும் மாலையில் "எல்லாம் சரி" என்றே சொல்லும், அன்றைக்கு நான் சொன்ன மாதிரி.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, கணக்கு, தணிக்கை, மருந்தகம், ஆய்வுக்கூடம் என்று நுணுக்கம் கேட்கும் வேலைக்கு நீங்கள் போகலாம். மொத்தம் ஒத்துவந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயரை இன்னொரு தடவை பாருங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் கடை வாசலில் நிற்கிறார்.