பாறையில் அமைந்த பள்ளிகள்

நாள்தோறும் நீங்கள் சென்று கற்கும் இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அச்சொல்லின் வரலாற்றை எண்ணிப் பார்த்ததுண்டா? பள்ளி என்பது படுக்கையைக் குறித்த சொல். திருமால் பள்ளிகொண்டான் என்று சொல்லும்போது அப்பொருள் இன்றும் விளங்குகின்றது. பின்னர்ச் சமணத் துறவியரும் பௌத்தத் துறவியரும் தங்கிய உறைவிடங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. பிள்ளைகள் கற்கும் இடத்தையும் அது குறிக்கலாயிற்று. படுக்கைக்கும் படிப்புக்கும் என்ன உறவு? இவ்வினாவிற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை.

என் ஊர் சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர். யானை வலம்வந்த நல்லூர் என்பது அப்பெயரின் பொருள். பால்வண்ணநாதர் கோயிலால் புகழ் பெற்றது. திருக்கருவை என்று புலவர்கள் பாடியது. அதிவீரராம பாண்டியர் இத்தலத்தின்மீது அந்தாதிகள் இயற்றினார். வரதுங்கராம பாண்டியர் இங்கிருந்து ஆண்டதோடு புலவராகவும் விளங்கினார். கோயிலும் அரசும் கூடி வளர்த்த கல்விக்கு எங்கள் ஊர் ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அவ்வரசர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள கழுகுமலையில், வேறு வகையான ஒரு கல்வி நிகழ்ந்தது. அரண்மனையை நாடாமல், வீடும் உடைமையும் துறந்து, மலையிலும் காட்டிலும் கூடியிருந்தோர் வளர்த்த கல்வி அது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஊர் வாழ்க்கையின் நடைமுறையை மறுத்து வெளியேறியவர்கள் சமணத் துறவியர். பொருள் சேர்ப்பது சிறப்பு என்று ஊர் கருதியது. எதனையும் தமதென்று கொள்ளாமையை அவர்கள் நோன்பாக ஏற்றனர். போர் வீரத்தை ஊர் பாடியது. எறும்புக்கும் தீங்கு செய்யலாகாது என்று அவர்கள் பார்த்து நடந்தனர். ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதும் அவர்களுக்கு விதியன்று. கால்நடையாக ஊர்தோறும் சென்றுகொண்டே இருப்பர். ஆயினும் மழைக்காலத்தில் மட்டும் நடை நிற்கும். ஈர நிலத்தில் சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். நடப்பவர் காலடியில் அவை மடியும் என்பதே காரணம். எனவே அம்மாதங்களில் ஓரிடத்தில் கூடித் தங்கினர். தனித்து அலைந்தவர்கள் ஒன்றுகூடினால் என்ன நிகழும்? மூத்தோர் உரைப்பர், இளையோர் கேட்பர், ஐயங்கள் எழும், விடைகள் பிறக்கும். படுக்கும் இடம் படிக்கும் இடமாயிற்று.

தமிழகத்தில் இக்கூட்டங்களின் பழைய தடங்கள் இயற்கைக் குகைகளில் உள்ளன. குகையின் முகப்பில், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் காடி ஒன்று வெட்டியிருப்பார்கள். உள்ளே வரிசையாகக் கற்படுக்கைகள். தலைவைக்கச் சற்று உயர்ந்த பகுதி. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இத்தகைய படுக்கைகள் பதினேழு உள்ளன. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணிநந்தி என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் செய்த கொடையை அவற்றுள் ஒன்று கூறுகின்றது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் அளித்த கொடையை மற்றொன்று கூறுகின்றது. உடைமையற்றோருக்குக் கல்லில் ஒரு படுக்கையே கொடை! வேறு எதனை அவர்கள் ஏற்பார்கள்?

இனிக் கழுகுமலைக்கு வருவோம். வெட்டுவான் கோயில் என்னும் முற்றுப்பெறாத ஒற்றைக்கல் கோயிலால் அம்மலை பலருக்குத் தெரியும். அதே மலையின் மற்றொரு பக்கத்தில், கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பார்சுவநாதரும் பாகுபலியும் இயக்கி அம்பிகையும் அங்கே காட்சி தருகின்றனர். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு பொறிப்புகள். அவை ஏறத்தாழ நூறு. ஒவ்வொன்றும் ஓர் உருவத்தைச் செய்வித்தவர் யார் என்பதைச் சொல்கின்றது. அரசர் பெயர்களை எதிர்பார்த்துச் செல்பவர் அங்கே தச்சரையும் கொல்லரையும் குயவரையும் காண்பர். பல ஊர்களிலிருந்து வந்த மாணாக்கர் பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் அங்குள்ளன. சித்தாந்தப் பொருளை உரைத்து வாழ்ந்த வைராக்கியர் பதின்மருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததையும் ஒரு கல்வெட்டு தெரிவிக்கின்றது. உழைப்பவர் சோறிட, கற்றவர் அறிவு வழங்கிய ஏற்பாடு அது.

அக்கல்வெட்டுகளில் நம்மை வியக்கவைப்பது குரத்தியர் என்னும் சொல். குரவர் என்றால் ஆசிரியர். குரத்தியர் என்றால் ஆசிரியைகள். திருச்சாரணத்துக் குரத்திகள் முதலிய பல பெண் துறவியர் அங்கே பெயர் பெற்றுள்ளனர். திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அவ்வளவு தொலைவிலிருந்து அவர்கள் வந்து கூடினர். குரத்தியரிடம் ஆடவரும் பாடம் கேட்டனர். தமிழ்நாட்டுச் சமணர் பின்பற்றிய திகம்பர நெறியோ, பெண் தன் அப்பிறவியிலேயே வீடுபேறு அடைய இயலாது என்று கூறுவது. கொள்கை ஒரு கதவை அடைத்திருந்தபோதும், ஆசிரியர் என்னும் இருக்கை அப்பெண்டிருக்குக் கிடைத்திருந்தது. நூலில் எழுதிய விதியும் மக்கள் வாழ்ந்த வாழ்வும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வரலாறு கற்போர் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

இக்கூட்டங்களில் பூசலே இல்லை என்று எண்ணிவிடலாகாது. வந்தவாசிப் பக்கத்தில் வேடல் என்றோர் ஊர் உண்டு. முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 885-இல், அங்கே பொறித்த கல்வெட்டு ஒரு வழக்கைக் குறிக்கின்றது. கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியைக்கு ஐந்நூறு மாணாக்கர். அவர்களுக்கும் நானூறு பெண் துறவியர் கொண்ட மற்றொரு குழுவினருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. பொருளைத் துறந்தவர்களாலும் பிணக்கைத் துறக்க இயலவில்லை! அப்போது அவ்வூர் மக்கள் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கரையும் காத்து உணவளிப்பதாகப் பொறுப்பேற்றனர். ஊரைத் துறந்தவர்களை ஊரே தாங்கியது.

இனி ஓர் ஐயத்தை ஆராய்வோம். மதுரையில் ஞானசம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. நாலடியார் பிறந்த கதையிலும் அதே எண்ணாயிரம் வருகின்றது. பஞ்சத்தால் பாண்டிநாடு வந்த எண்ணாயிரம் முனிவர் ஊர் திரும்பும்போது, ஆளுக்கொரு பாட்டை இருக்கையின் கீழ் வைத்துச் சென்றனராம்; அரசன் ஏடுகளை வைகையில் எறிய, நானூறு ஏடுகள் நீரை எதிர்த்து மிதந்தனவாம். இரு கதைகளிலும் ஒரே எண் வருவதைக் கண்டால், அது தலையெண்ணிக் கண்ட கணக்கன்று, பெருந்தொகையைக் குறிக்கும் மரபு என்பது புலப்படும். சம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. கழுகுமலைப் பள்ளி செழித்ததோ அதற்கு அடுத்த நூற்றாண்டுகளில், அதே பாண்டிநாட்டில். ஆகவே சமணம் ஒரே நாளில் வேரறுந்தது என்பதைக் கல்வெட்டுச் சான்று ஏற்கவில்லை. சமயப் பகை இருந்தது உண்மை; பகைக்கு நடுவிலும் பாடம் நடந்தது என்பதும் உண்மை.

ஊரை மறுத்துக் காட்டில் கூடும் இவ்வேட்கை தமிழகத்திற்கே உரியதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைநிலத்தில் பக்கோமியர் கிறித்தவத் துறவியரைத் திரட்டி, உழைப்பும் உணவும் பொதுவான வாழ்க்கையை அமைத்தார். நம் காலத்திலோ, 1972-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் காட்டில் இளைஞர் பலர் கூடினர். தலைவர் எவருமின்றி, வட்டமாக அமர்ந்து பேசி, பொது அடுக்களையில் சமைத்து உண்டனர். வானவில் கூட்டம் என்று பெயர்பெற்ற அது பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. நோன்பும் கட்டுப்பாடும் மிக்க நம் பாறைப் பள்ளிகள் வேறு, இவை வேறு. ஆயினும், 'வாழ்வதற்கு இது ஒன்றே வழியா?' என்ற கேள்வி எல்லோர்க்கும் பொது.

இவ்வறிவில் எது எஞ்சியது? எங்கள் ஊருக்கே திரும்புவோம். வரதுங்கராம பாண்டியரின் ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே கேட்டுத் துயருற்றதை 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார். அரசன் தொகுத்த நூல்நிலையம் அங்ஙனம் சாம்பலாயிற்று. குயவரும் குரத்தியரும் பாறையில் எழுதிவைத்த பெயர்களோ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கின்றன.

ஆனால் கல்லும் அழியாததன்று. கற்படுக்கைகளின்மேல் தம் பெயரைக் கீறிச் செல்வோர் உண்டு. மலைகளை வெட்டி விற்போரும் உண்டு. பழைய குகைக் கல்வெட்டும் கற்படுக்கைகளும் கொண்ட மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் திரண்டனர்; 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. வேடல் ஊரார் ஏற்ற பொறுப்பை அரிட்டாபட்டி ஊராரும் ஏற்றனர் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த விடுமுறையில் உங்கள் மாவட்டத்திலுள்ள ஒரு பாறைப் பள்ளிக்குச் சென்று வாருங்கள். காடியையும் படுக்கையையும் எண்ணுங்கள். எழுத்து இருந்தால் ஏட்டில் படியெடுங்கள். உங்கள் பெயரை மட்டும் அங்கே எழுதாதீர்கள்.