சாலையிலிருந்து தடத்திற்கு: விசையுந்துப் பந்தய விதிகளின் வரலாறு

பேச்சுவழக்கில் மோட்டார் சைக்கிள் எனப்படும் விசையுந்துக்குரிய தொழில்முறைப் போட்டியைச் 'சாலைப் பந்தயம்' என உலகம் அழைக்கிறது. ஆயினும் நம் செப்பாங்கில் நடைபெறும் அப்போட்டியில் சாலை என்பதே இல்லை. அங்கு எதிரே வண்டி வருவதில்லை. பள்ளிப்பிள்ளை எவரும் குறுக்கே கடப்பதில்லை. பெயரில் மட்டும் சாலை எஞ்சி நிற்கிறது. அப்பெயர் பொருந்தியிருந்த காலம் எவ்வாறு முடிந்தது என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 20 மைல் என்னும் வேகவரம்பு இருந்தது. பந்தயத்திற்காகப் பொதுச் சாலையை மூடுவதற்கும் அங்கு இடமில்லை. தனக்கெனச் சட்டமன்றம் கொண்ட மான் தீவு அதற்கு இடமளித்தது. 1907இல் அங்குத் தொடங்கிய டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் ஒற்றை உருளைப் பொறிப் பிரிவில் வென்ற சார்லி காலியரின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீட்டர். 1949இல் உலக வெற்றியாளர் தொடர் உருவானபோது அதன் முதற்சுற்றும் அத்தீவிலேயே நடைபெற்றது.

பொறிகளின் ஆற்றல் ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆனால் சாலையோரக் கற்சுவர்களும் விளக்குக் கம்பங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. 1972இல் இத்தாலிய வீரர் ஜில்பெர்த்தோ பார்லொட்டி அங்கு உயிரிழந்தார். பலமுறை உலகப் பட்டம் வென்ற ஜாக்கோமோ அகோஸ்தினி, இனி அத்தீவில் போட்டியிடுவதில்லை என உறுதிபூண்டார். வேறு முன்னணி வீரர்களும் விலகினர். 1976ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின் மான் தீவு உலகத் தொடரிலிருந்து நீங்கியது. டூரிஸ்ட் டிராபி மட்டும் தனிப்போட்டியாக இன்றும் தொடர்கிறது.

நம் வட்டாரத்திலும் வரலாறு இவ்வாறே நடந்தது. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்களும் விசையுந்துகளும் பந்தயத்தில் ஓடின. 1962 முதல் 1965 வரை அது மலேசிய கிராண்ட் பிரி என்றே பெயர் பெற்றிருந்தது. உயிரிழப்புகளும் போக்குவரத்து இடையூறும் பெருகவே அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 1968இல் ஷா ஆலம் பத்து தீகாவில் தனித்தடம் எழுந்திருந்தது. 1991இல் உலக விசையுந்துத் தொடர் முதன்முதலாக மலேசியாவுக்கு வந்தபோது அங்குதான் நடைபெற்றது. 1999 முதல் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட செப்பாங் தடம் அதற்கு இடமாயிற்று.

தமிழகத்தில் 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பந்தயங்களை நடத்திவந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைத்தது. இவ்வாறு பந்தயம் தனித்தடத்தை நோக்கி நகர்ந்ததைக் காண்கிறோம்.

தடம் மாறியதோடு பொறிகளுக்கும் வரம்பு வந்தது. உயர்நிலைப் பிரிவில் 2002இல் 990 சிசி நான்கடிப் பொறி அனுமதிக்கப்பட்டது. 2003இல் ஜப்பானின் சுசூகா தடத்தில் தாய்ஜிரோ காத்தோ விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். அதன்பின் அத்தடம் தொடரில் இடம்பெறவில்லை. வேகத்தைக் குறைக்க எண்ணி 2007இல் பொறியின் கொள்ளளவை 800 சிசியாகச் சுருக்கினர். ஆனால் இலகுவான வண்டிகள் வளைவுகளில் முன்னினும் விரைவாகச் சென்றன. விதி வகுப்போர் எதிர்பார்த்தது ஒன்று. தடத்தில் நிகழ்ந்தது வேறொன்று. 2012இல் 1000 சிசி அனுமதிக்கப்பட்டது. 2018 முதல் வீரரின் உடையில் காற்றுப்பை கட்டாயமாயிற்று.

இத்தனைக்கும் பிறகு இடர் அகன்றதா? இல்லை. 2011 அக்டோபர் 23 அன்று செப்பாங்கில், இரண்டாம் சுற்றிலேயே, 24 வயது மார்க்கோ சிமோன்செல்லி விழுந்தார். அவரது வண்டி தடத்தின் குறுக்கே சரிந்து, பின்வந்த இருவரின் பாதையில் சென்றது. மோதலில் அவரது தலைக்கவசமே கழன்றது. அவர் உயிர் பிழைக்கவில்லை, போட்டி கைவிடப்பட்டது. 2021இல் ஐரோப்பியத் தடங்களில் 14, 15, 19 வயதுடைய மூவர் அடுத்தடுத்து மாண்டனர். அதன் விளைவாக, உலகத் தொடரில் சேரும் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆக உயர்த்தப்பட்டது. அதே 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் போட்டியின்போது உயிரிழந்தான். எவ்வயதில் ஒருவர் இவ்விடரை அறிந்து ஏற்க இயலும் என்னும் வினா இன்னும் முடிவுறவில்லை.

பந்தய விதிகளுள் பல, ஓர் இழப்புக்குப் பின்னரே எழுதப்பட்டவை. மலேசியாவில் 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்பதை மாணவர் அறிவர். தடத்தில் ஓடுபவனுக்கு அதற்கு மேலும் பல உண்டு: ஒரே திசை, விழுந்தால் வேகம் தணியச் சரளைப் பரப்பு, இடரறிவிக்கும் மஞ்சள் கொடி, ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி, காத்திருக்கும் மருத்துவர். அவை அனைத்தும் இருந்தும் சிமோன்செல்லியைக் காக்க இயலவில்லை. நள்ளிரவில் கப்சாய் வண்டியுடன் பொதுச் சாலையில் பந்தயமிடும் இளைஞனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அகோஸ்தினி போன்ற வல்லவரே வேண்டாமென ஒதுக்கிய சாலையைத்தான் அவன் தேர்ந்துகொள்கிறான். வேகத்தை விரும்பும் மாணவனிடம் 'ஓட்டாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தாது, இவ்வரலாற்றையும் ஆசிரியர்கள் எடுத்துரைப்பது பயன் தரும் என நாம் கருதுகிறோம்.